மறைக்க வசதியான இரண்டு பெயர்கள்

என் அம்மாவின் பெயர் சத்தியபாமா. மண்கும்பானில் புகையிலைத் தோட்டம் செய்த ஏரம்பு என்பவரின் மூத்த மகள். பத்தொன்பது வயதில் காரைநகருக்குத் தையல் பழகப் போனாள். ஊர்காவற்றுறை வரைக்கும் பஸ், அங்கிருந்து கடலைக் கடக்க லோஞ்சு. அந்த லோஞ்சை ஓட்டியவர் வஸ்தியாம்பிள்ளை. அதிகம் கதைக்காத மனுசன். மழை நாளில் அம்மாவின் துணிப்பொட்டலம் நனையாமல் எஞ்சின் பெட்டிக்குள் வைத்துத் தருவார். தையல் வகுப்பு எட்டு மாதம். ஒன்பதாம் மாதம் அம்மா வீட்டைவிட்டு வெளிக்கிட்டு அவரைக் கட்டினாள்.

அம்மா வேதத்துக்கு மாறவில்லை. கத்தோலிக்கத்தை எங்கள் பக்கத்தில் வேதம் என்றுதான் சொல்வது. பிறக்கிற பிள்ளைகளை வேதத்தில் வளர்ப்பேன் என்று பாதிரியார் சுவாமியின் முன்னால் கையெழுத்து வைத்தாள், அவ்வளவுதான். மண்கும்பானுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஐந்தாறு கட்டை, அதாவது மைல்தான் தூரம். அதன் பிறகு எட்டு வருசமாக அந்த வீட்டிலிருந்து ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம் நாங்கள் இரட்டைப் பெண்களாகப் பிறந்தோம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று. அப்பாவின் தமக்கை மேரிஜோசப்பின் மாமி, புனிதர்களின் திருநாட்கள் போட்ட கோயில் கலண்டரோடு வந்தா.

"மூத்தவளுக்கு மாக்கிறேற் எண்டு வையுங்கோ. எங்கடை அம்மாவின்ரை பேர்."

"பெத்தவள் தெரிஞ்செடுக்கட்டும் அக்கா," என்றாராம் அப்பா. "எனக்காக எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவள். பேரையாவது அவள் தெரியட்டும்."

மாமிக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் கலண்டரை அம்மாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனா.

ஒரு கிழமையாக அம்மா அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். என்ன தேடினாள் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. எப்போதாவது ஒருநாள் தன்னைப் பெற்ற ஐயா வாசல் படலையைத் தனக்குத் திறப்பார், அன்றைக்குப் பிள்ளைகளின் பெயர் அவர் காதில் குத்தக்கூடாது. அதுதான் அவள் தேடியது. எலிசபெத் என்பதை எப்படி வளைத்தாலும் எலிசபெத்தாகவே நின்றது. பிலோமினா, அக்னேஸ், மாக்கிறேற், ஒன்றும் சரிவரவில்லை. றீற்றா என்பதைக் கொஞ்சம் நாக்கைத் திருப்பிச் சொன்னால் சீதா. மொனிக்காவை அவசரமாகச் சொன்னால் மேனகா.

கோயிலில் சுவாமி பெயரைக் கேட்டதும் சிரித்தாராம். "புருசன்மாராலை கஷ்டப்பட்ட ரெண்டு புனிதவதியளைத் தேடிப் பிடிச்சிருக்கிறீர். வஸ்தியாம்பிள்ளை அவ்வளவு பொல்லாதவரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "அந்தச் சிரிப்பை நினைச்சால் இப்பவும் உடம்பு கூசுது," என்று பல வருசம் கழித்து என்னிடம் சொன்னாள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த புனிதவதிகளின் கதை அவளுக்குத் தெரியவே தெரியாது.

அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. கதைக்காத மனுசனுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. லோஞ்சில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்: "என்ரை மனுசி சைவம். ஆனால் பிள்ளையளுக்குப் பேர் தெரிஞ்செடுத்தது அவதான். நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை." காரைநகர் ஆசிரியர்மாருக்கு, புகையிலைச் சிப்பம் ஏற்றுகிறவர்களுக்கு, கள்ளுத் தவறணைக்காரருக்கு, எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும்.

எழுபதாம் ஆண்டு வைகாசியில் அம்மாவின் தம்பி தில்லைநாதன் மாமா சைக்கிளில் வந்து எங்கள் முற்றத்தில் நின்றார். நான் அவரை முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான்.

"அக்கா, உங்கடை தங்கச்சி அம்பிகைக்கு வாற புதன்கிழமை கலியாணம். ஐயா எல்லாரையும் வரட்டாம்."

எல்லாரையும் என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் அம்மா சொன்னாள், "என்னையும் பிள்ளையளையும் வரட்டாம்."

அப்பா வேலைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பிறகு, "போயிட்டு வாரும். எனக்கும் அண்டைக்கு லீவு எடுக்கேலாது," என்றார். மறுநாள் எங்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் சட்டைத்துணி வாங்கி வந்தார்.

கலியாணத்தன்று பஸ்ஸில் ஏறி இருந்ததும் அம்மா எங்கள் கழுத்தில் கிடந்த மாதா பதக்கங்களைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். "அங்கை ஆரும் பேர் கேட்டால் நீ சீதா, நீ மேனகா. விளங்கிச்சே?"

"ஏன்?" என்றாள் மொனிக்கா.

"அது அங்கத்தைப் பேர்."

மொனிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பிடித்திருந்தது, ஒரு நாளைக்கு வேறு ஆளாக இருக்கலாமே.

கலியாண வீட்டில் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்று யார் மூத்தவள், யார் இளையவள் என்று கேட்டார்கள். அம்மா கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோருக்கும், "இவள் சீதா, இவள் மேனகா," என்று சொல்லிக்கொண்டே போனாள். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு வருசத்துக்குப் பிறகு வந்தவளை அப்படித்தானே பார்ப்பார்கள் என்று அம்மா நினைத்தாளாம். அப்பு, அதாவது அம்மாவின் ஐயா, எங்கள் தலையில் கைவைத்தார். பெயர் கேட்கவில்லை.

மொனிக்காவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் இருந்தது. மருந்துப் போத்தலை வீட்டு அலுமாரியில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டோம். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போன அப்பா அதைக் கண்டிருக்கிறார். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்த நேரம், நான் ஒன்றுவிட்ட தங்கைகளோடு படலையடியில் விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா சைக்கிளால் இறங்கினார். வேலைச் சட்டை. முதுகெல்லாம் வியர்வை.

"றீற்றா, அம்மாவைக் கூப்பிடு பிள்ளை."

"ஆரடி றீற்றா?" என்று பக்கத்தில் நின்றவள் என்னைக் கேட்டாள்.

"தெரியாது," என்றேன். "என்ரை பேர் சீதா."

பெயரை மாற்றிச் சொல்லத்தான் அம்மா சொல்லித் தந்தாள். தெரியாது என்று நானாகச் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். அம்மா அங்கே சந்தனத் தட்டோடு நின்றாள். அவரைக் கண்டுவிட்டாள், ஆனால் இறங்கி வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற சொந்தக்காரி செல்லாச்சி மாமி, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்க, அம்மா சொன்னாள்: "லோஞ்சிலை வேலை செய்யிற ஆள். மருந்து குடுத்துவிட்டிருக்கினம் போலை."

அந்தச் சொல் அப்பாவின் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அப்பா போத்தலை என் கையில் தந்தார். "தங்கச்சிக்கு ஒரு கரண்டிதான், கூடக் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லு," என்றுவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

நான் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பு பந்திக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"மருமோன் ஏன் பிள்ளை படலையோடை திரும்பினவர்? நான் எல்லாரையும் எல்லோ வரச் சொன்னனான்."

அப்பு அம்மாவின் கையில் இருந்த மருந்துப் போத்தலைப் பார்த்தார்.

"ஆருக்கு முட்டு? றீற்றாவுக்கோ மொனிக்காவுக்கோ?"

பந்தலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பு குரலை உயர்த்தவில்லை. "எனக்குப் பேர் தெரியும். லோஞ்சாலை வாறவையெல்லாம் சொல்லுகினம், உம்மட மோள் தெரிஞ்செடுத்த பேராம் எண்டு. இஞ்சை எல்லாருக்கும் தெரியும். நீ காலமை தொடக்கம் ஏன் வேறை பேர் சொல்லிக்கொண்டு நிக்கிறாய் எண்டுதான் எங்களுக்கு விளங்கேல்லை."

அம்மா சந்தனத் தட்டை ஒரு கதிரையில் வைத்தாள். படலைக்கு ஓடினாள். றோட்டில் ஒருவரும் இல்லை.

அன்று பின்னேரப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அப்பா சோறு வைத்து இறக்கியிருந்தார். "மருந்து குடுத்தனீரே?" என்று கேட்டார். "ஓம்," என்றாள் அம்மா. அவர் கோபித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. எங்களை மூத்தவள், இளையவள் என்று கூப்பிடத் தொடங்கினார். லோஞ்சில் அந்தக் கதையைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

பத்துப் பதினைந்து நாள் அம்மா குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் எங்களையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். தன் கலியாணத்துக்குப் பிறகு அவள் அந்த லோஞ்சில் ஏறியதே இல்லை. அப்பா அவளைக் கண்டு ஆச்சரியப்பட்டார். அவள் எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அந்த இரைச்சலில் சொன்னால் அவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்திருக்கிறாள்.

நடுக்கடலில் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். அவள் எழும்பி நின்று இன்னும் உரத்துச் சொல்ல வாயெடுக்க, அவர் நல்ல மனசோடு எஞ்சினை நிற்பாட்டினார். அம்மாவின் குரல் மட்டும் கடலில் தனியாகக் கேட்டது.

"அந்தப் பேருகளை ஐயாவுக்கு ஒளிக்கிறதுக்குத்தான் தெரிஞ்செடுத்தனான்!"

லோஞ்சில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். எட்டு வருசமாக மற்றக் கதையைக் கேட்டவர்கள். ஒரு மனிசி முக்காட்டை இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்தா. ஒருவர் செருமினார். லோஞ்சு அலையில் ஆடிக்கொண்டு நின்றது.

"எனக்கு அண்டைக்குப் படலையிலை விளங்கினது," என்றார் அப்பா. "இரும். காற்று எழும்புது, விழுந்துபோவீர்." எஞ்சினைத் திரும்ப முடுக்கினார்.

நானும் மொனிக்காவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

எழுபத்துநாலில் தில்லைநாதன் மாமாவுக்குக் கலியாணம் வந்தது. இந்த முறை அப்புவே வந்து அப்பாவின் கையில் கலியாண அழைப்புக் காட்டைக் கொடுத்தார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். அப்பு அவரைக் கூட்டிப்போய்ப் பந்தலில் முன்வரிசைக் கதிரையில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

அம்மா பந்தல் பக்கமே வரவில்லை. வந்த நேரம் தொடக்கம் பின்வளவில் சமையலாட்களோடு இருந்து வெங்காயம் உரித்தாள். அம்பிகைச் சின்னம்மா இரண்டு தரம் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவையள் கதைக்கினமே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"என்ன கதை?"

"லோஞ்சு எஞ்சினைப் பற்றி. அப்பு கேக்கிறார், அப்பா சொல்லுறார்."

அம்மா தலையாட்டினாள். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.