வக்கீலம்மாவின் குரல்

அவளுக்குக் கட்டைத் தொண்டை. போனை எடுத்து "ஹலோ" என்றால், "சொல்லுங்க சார்" என்றுதான் பதில் வரும். கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவனுக்கு வரும் அழைப்பை இவள் எடுத்தால், அவனிடமே பேசுவதாக நினைத்து வேலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "ஆளுக்கு ஆளும் ஆச்சு, சம்பளமும் மிச்சம்" என்று அவன் சிரிப்பான்.

அந்தத் தொண்டைதான் அவளுக்குச் சோறு போட்டது. வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங் பேசினாள். கதாநாயகிகளுக்குப் பேச வேறொருத்தி இருந்தாள். பூனைக்குட்டி மாதிரிக் குரல். இவளுக்கு வந்ததெல்லாம் சிறைக் காவலாளி, சூனியக்காரி, சண்டைக்காரி. திரையில் கறுப்பான பெண் யார் வந்தாலும் டைரக்டர் யோசிக்கவே மாட்டார். "கட்டையக் கூப்பிடுப்பா!" என்பார். அவளும் தலையாட்டிவிட்டு மைக் முன்னால் போய் நிற்பாள்.

அப்படித்தான் அந்த நீதிமன்றத் தொடர் வந்தது. அதில் ஒரு கறுப்பினப் பெண் வக்கீல். மூலத்தில் நிதானமாக, திருத்தமாகப் பேசுகிறவள். டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. "சப்புனு இருக்கு. கொச்சையா, கத்திப் பேசுங்க. ஜனம் சிரிக்கணும்." எதிர்த்தரப்பைப் பார்த்து அந்த வக்கீல் "இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் இடத்தில், இவள் கண்ணை உருட்டிக்கொண்டு, "நானு கோவம் வந்துச்சி, நீயி காலி!" என்று கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வசனம் பட்டிதொட்டியெங்கும் பரவியது.

அவள் தினமும் போகும் பஸ்ஸை ஓட்டியது ஒரு பெண். தாத்தா காலத்தில் கடல் கடந்து வந்த கறுப்பினக் குடும்பம். பழக்கத்தில் இருவரும் இரண்டொரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ஒருநாள் பஸ் நிறுத்தம் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. இறங்கப்போன ஒரு ஆள் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே குனிந்து, "நானு கோவம் வந்துச்சி, நீயி காலி!" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தபடி கதவை மூடினாள்.

முன் இருக்கையில் இருந்த இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. அச்சு அசலாக இவள் டிவியில் பேசிய குரல்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் அவள் மட்டும் நின்றாள். "அது... டிவில அப்படிப் பேசுனது நான்தாங்க."

ஓட்டுநர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? நான் அந்தத் தொடரை ஒரிஜினல்லயே பாத்திருக்கேன்க்கா. அந்த வக்கீலு எவ்ளோ அழகாப் பேசுவா தெரியுமா? நான் இங்கதான் பொறந்தேன், உங்களை மாதிரிதான் பேசுறேன். ஆனா இப்போ வாயத் தொறந்தாலே, எப்போ உளறுவேன்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

"மன்னிச்சிருங்க" என்றாள்.

அடுத்த ஒலிப்பதிவில் அவள் வக்கீலுக்குத் தன் சொந்தக் குரலில், திருத்தமாகப் பேசினாள். டைரக்டர் பதறினார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். அவ படிச்சவ. படிச்சவ மாதிரிதான் பேசுவேன்."

"காமெடி போயிடுமே!"

"போகட்டும் சார். இனிமே அந்தம்மாவக் கோமாளியாக்க என்னால ஆகாது."

ஆகாது என்றால் ஆகாதுதான். அந்த வேடம் வேறொருத்திக்குப் போனது. வீட்டுக்கு வந்து அழுதாள். கணவன் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னது சரி. ஆனா வயித்தெரிச்சலாத்தான் இருக்கும்" என்றான்.

ஆனால் புதியவள் ஓரிடத்தில் திணறினாள். மகனைப் பறிகொடுத்த தாய்க்காக வக்கீல் நீளமாக வாதாடும் காட்சி அது. கொச்சையாகப் பேசினால் கண்றாவியாக இருந்தது. திருத்தமாகப் பேசினால் குரலில் கனம் இல்லை. வேறு வழியில்லாமல் டைரக்டரே போன் செய்தார். "அந்த ஒரு சீன் மட்டும் வந்து குடுங்க. உங்க இஷ்டப்படி பேசிக்கோங்க."

பேசினாள். முடிந்தபோது ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றவே மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஒளிபரப்பானபோது கூத்தாகிவிட்டது. ஏழு வாரம் உளறிய வக்கீல் எட்டாவது வாரம் கணீரென்று வாதாடினாள். அடுத்த வாரம் பழையபடி உளறினாள். மறுநாள் பஸ்ஸில் ஓட்டுநர் சிரிப்பை அடக்க முடியாமல், "என்னக்கா, அந்த ஒரு வாரம் மட்டும் அவளுக்குப் புத்தி தெளிஞ்சிருச்சா?" என்றாள். இவளும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

டைரக்டர் அதன்பின் அவளை அதிகம் கூப்பிடவில்லை. வேறொரு ஸ்டுடியோ கூப்பிட்டது. எரிமலைகளைப் பற்றிய படத்துக்கு வர்ணனை. வழக்கமாக ஆண்கள் பேசும் வேலை. அவள் குரல் மாதிரியைக் கேட்டுவிட்டுத் தயாரிப்பாளர், "சாரை நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றாராம். அவள் போய் நின்றபோது ஒரு கணம் விழித்துவிட்டு, எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.