எபினேக்குப் போன தூதுக்குழு

2016 மே 12, வியாழன், காலை 9.40. பாரிஸ் விமான நிலையத்திலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பயணச்சீட்டு பத்து யூரோ, முப்பத்தைந்து நிமிடம். யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன். சீட்டு எந்திரத்தின் முன்னாலேயே அந்தச் சத்தியம் போயிற்று. எழுநூற்றைம்பது ரூபாய்! அந்தக் காசுக்குச் சிதம்பரத்திலிருந்து சென்னைக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்வந்துவிடலாம்.

நிலையத்துக்கு வெளியே வந்து பத்து நிமிடம் நடந்தால் லா சப்பல். பிரெஞ்சுக் கடைப் பலகைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, தமிழ்ப் பலகைகள் தொடங்குகின்றன. நகைக்கடை, சேலைக்கடை, வாசலில் பெட்டி பெட்டியாக முருங்கைக்காயும் வாழைப்பூவும் வைத்த பலசரக்குக் கடை. அந்தப் பலசரக்குக் கடை என் நண்பர் நேசனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸுக்கு வந்து முப்பது ஆண்டு ஆகிறது. மலேசியாவில் கெடா, தாய்லாந்து என்கிற சயாம், கம்போடியா என்று நான் சுற்றிவிட்டு எழுதிய ஒரு கட்டுரையில் ஆண்டு ஒன்றைத் தப்பாகப் போட்டிருந்தேன். அதற்காக இங்கிருந்து தொலைபேசியில் அழைத்து என்னை ஒரு பிடி பிடித்தார். அன்றிலிருந்து நண்பர்.

நான் நகராட்சி அலுவலகத்தில் குப்பை வரி, தண்ணீர் வரி பார்த்து ஓய்வுபெற்றவன். பழைய அரசுகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பழகின, யார் யாருக்குத் திறை அனுப்பினார்கள் என்று படிப்பது என் பைத்தியம். இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் கம்போடியச் சிலைகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பி வந்திருந்தேன்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ! பிளேன்ல நித்திரை கொண்டனீங்களே?" என்று கேட்டபடியே பக்கத்துக் கடைக்கு இழுத்துப்போனார் நேசன். தேத்தண்ணி ஒரு யூரோ, ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு யூரோ. இரண்டாவது ரோல்ஸைக் கடிக்கும்போது அவர் மனக்குறை வெளியே வந்தது.

"என்ர மகள் ஆரணிக்கு ஒரு பெடியனைப் பிடிச்சிருக்கு. பெயர் விசால்."

"நல்ல பேராச்சே!"

"நானும் அப்பிடித்தான் அண்ணை துள்ளினனான். பாத்தால் கம்போடியாப் பெடியன்."

"உங்களுக்குப் பிடிக்கலையா?"

"சீச்சீ! தங்கமான பெடியன். எங்களுக்கும் சம்மதம், அவைக்கும் சம்மதம். பிரச்சினை என்னெண்டால், ஆர் முதல்ல ஆர் வீட்டை போறது?"

எட்டு மாதமாக இதே இழுபறியாம். மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் வர வேண்டும் என்பது நேசன் கட்சி. விசாலின் அப்பா பெயர் சொக். அவரோ, 'அவர்கள் வரட்டும், பார்க்கலாம்' என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு தகப்பன்மாருக்கும் கடைக்கும் பேப்பர் வேலைக்கும் போதுமான பிரெஞ்சு உண்டு. சம்பந்தம் பேச அது போதாது. எல்லாப் பேச்சும் ஆரணி வழியாகத்தான். இப்போது திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள் என்று சொக்கிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது.

"போக வேண்டியதுதானே, நேசன்?"

"பலகாரத் தட்டத்தோட நான் அவை வீட்டுப் படி ஏறினால் என்ர தமையன் என்ன சொல்லுவார்? பொம்பிளையைத் தள்ளிவிட நேசன் ஓடித் திரியிறான் எண்டு நாங்கள் இருக்கிற சார்செல் முழுக்கச் சொல்லுவார். ஆரணியும் விடுறாள் இல்லை. ரெண்டு வீடும் ஒரு மேசையில இருந்து சாப்பிடாமல், நகரசபையில கல்யாணப் பதிவுக்கு நாள் எடுக்கமாட்டாளாம்."

மே 13, வெள்ளி. பத்துப் பயணச்சீட்டு அடங்கிய மெட்ரோக் கட்டு 14 யூரோ 10 சென்ட். அருங்காட்சியகத்தில் நான்கு மணி நேரம் நின்றதில் கால் இரண்டும் கெஞ்சின. கம்போடியக் கல்முகங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கின்றன. இன்றைய வியட்நாம் பக்கம் இருந்த சம்பா நாட்டுச் சிற்பங்களுக்கு முன்னால் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அங்கே இருந்த பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஐந்தரைக்கு நேசனுடன் 'டி' என்ற புறநகர் ரயிலில் ஏறிக் கால் மணி நேரத்தில் சார்செல். அடுக்குமாடியில் பதினோராவது தளம். நேசனின் மனைவி ரஞ்சி இடியப்பமும் சொதியும் வைத்தார். சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆரணிக்கு இருபத்தெட்டு வயது. என்னை மாமா என்று கூப்பிட்டாள். அப்பாவுக்கு மட்டும் பிரெஞ்சில் பதில் சொன்னாள். நல்ல கோபம் போலிருக்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கெடாவின் கதையை எடுத்துவிட்டேன். நம் சோழர் காலத்துக் கடாரம் என்று சொல்வது கெடாவைத்தான். பிற்காலத்தில் அதற்குப் பக்கத்தில் பெரிய அரசு சயாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கெடா சுல்தான், தங்கத்தாலும் வெள்ளியாலும் இலை, பூவோடு ஒரு சிறு மரம் செய்து சயாமுக்கு அனுப்புவார். அதன் நகலைக் கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரில் ஓர் அருங்காட்சியகத்தில் நானே பார்த்தேன்.

"சயாம் அரண்மனையில, இது அடிமைத் திறைன்னு எடுத்து வெச்சுக்குவாங்க. கெடாவுல, இது சிநேகிதத்துக்குக் குடுத்த பரிசுன்னு சொல்லிக்குவாங்க. ஒருத்தரும் இன்னொருத்தர்கிட்டப் போய், நீ என்ன நெனைக்கிறேன்னு கேக்கல. தலைமுறை தலைமுறையா ஓடிச்சு, நேசன்!"

நேசன் இடியப்பத்தைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப நான் கெடாவோ?"

"இஞ்சரப்பா, கெடாவோ கிடாயோ, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போறம்" என்றார் ரஞ்சி. "அண்ணைக்குக் கம்போடியா ஆக்களோட கதைக்க விருப்பமாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறம். சம்பந்தம் பேசப் போகேல்லை. சரியே?"

"தட்டம்?"

"தட்டம் இல்லை. பயித்தம் பணியாரத்தைக் கடைப் பையில போட்டுக் கொண்டுவாறன்."

நேசன் கொஞ்சம் யோசித்தார். "பை எண்டால் பரவாயில்லை" என்றார். அந்தக் காலத்தில் வியாபாரிகள் தூதர் என்று பெயர் சொல்லிக்கொண்டு சீனத்துக்குப் போனார்கள். நாங்களோ தூதுக்குச் சுற்றுலா என்று பெயர் வைத்துக்கொண்டோம். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

மே 15, ஞாயிறு, பகல் 12.10. சார்செலிலிருந்து சொக்கின் ஊரான எபினே-சூர்-செய்ன் எட்டுக் கிலோமீட்டர், நேசனின் காரில் இருபத்தைந்து நிமிடம். நரை முடியும் சலவைச் சட்டையுமாகச் சொக் வாசலிலேயே நின்றார். கார்ப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களைக் கண்டதும் மோவாய் உயரத்தில் கைகூப்பினார். நேசன் நெஞ்சுக்கு நேரே கூப்பினார். கை எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை என்பது கம்போடிய வழக்கம் என்று விசால் பிரெஞ்சில் சொல்ல, ஆரணி அதை அப்பாவின் காதில் போட்டாள். நேசன் உடனே கையை மூக்குக்கு ஏற்றினார். சொக் விடுவாரா? நெற்றிக்கு ஏற்றினார். நேசன் தலைக்கு மேலேயே கொண்டுபோய்விட்டார், கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல. "காணும், உள்ள வாங்கோ" என்று ரஞ்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

சொக்கின் மனைவி பயித்தம் பணியாரத்தைப் பையிலிருந்து எடுத்து, ஒரு வெள்ளித் தட்டில் அடுக்கிப் புத்தர் முன்னால் வைத்தார். நேசன் அந்தத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசைக்கு வாழையிலைக் கிண்ணத்தில் மீன் வந்தது. தேங்காய்ப்பால், மஞ்சள், ஏதோ எலுமிச்சை வாசமடிக்கிற புல். ஒரு வாய் வைத்தேன். ஆகா! மூன்று கிண்ணம் சாப்பிட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வயிறு நிறைந்தால் எனக்கு வரலாறு பொங்கிவிடும். "ஆரணி, இதைச் சொல்லும்மா. ஆயிரம் வருஷம் முன்னாடி கம்போடிய ராஜா, தன் நாட்டைக் காப்பாத்திக்கிறதுக்காக எங்க சோழ ராஜாகிட்ட சிநேகிதம் கேட்டு, ஒரு தேரையே அனுப்பி வெச்சார். எங்க செப்பேட்டுலயே இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பெண் கொடுக்க வந்த வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டே, உங்கள் ராஜா எங்கள் ராஜாவிடம் கையேந்தினார் என்று சொல்லியிருக்கிறேன். நேசன் கையில் மீன் அப்படியே நின்றது. ரஞ்சி கூரையைப் பார்த்தார். எட்டு மாத இழுபறிக்குப் பிறகு கூடிய மேசையை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டேனே, பாவி!

ஆரணி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. சொக் கரண்டியைக் கீழே வைத்தார். மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பல் தெரியச் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டுத் தங்கள் மொழியில் சொல்ல, அவரும் சிரித்தார்.

"தேர் நல்லா ஓடினதோ எண்டு கேக்கிறார், மாமா" என்றாள் ஆரணி.

எனக்குப் போன உயிர் வந்தது. "ஓடியிருக்கும், ஓடியிருக்கும்!" என்றேன்.

பிறகு சொக் தன் மொழியில் நிறையப் பேசினார்; விசால் அதை ஆரணியின் காதில் பிரெஞ்சில் போட்டான். ஒரு பக்கம் சயாம், இன்னொரு பக்கம் வியட்நாம். நடுவிலிருந்த தங்கள் அரசர்கள் இரண்டு பக்கமும் பரிசு அனுப்பி அனுப்பியே நாட்டை வைத்துக்கொண்டார்களாம். "ரெண்டு மாமியாருக்கு நடுவில வாழ்ந்த மருமகள் மாதிரி எண்டு சொல்லுறார்" என்றாள் ஆரணி. கடைசியாக அவர் நேசனைப் பார்த்துக் கையை ஆட்டி, சார்செல் என்று ஏதோ கேட்டார்.

"அப்பா, அடுத்த ஞாயிறு அவை எங்கட வீட்டை வரப்போகினமாம்."

நேசன் எழுந்தே நின்றுவிட்டார். "வரட்டும் பிள்ளை! எல்லாரையும் வரச் சொல்லு!" என்றவர், மேசையைச் சுற்றிப் போய்ச் சொக்கைக் கட்டிப்பிடித்தார். சொக் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரும் நேசன் முதுகில் தட்டினார். ரஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது காரிலேயே நேசன் தன் அண்ணனுக்குத் தொலைபேசி செய்தார். "ஓம் அண்ணை, எத்தனையோ தரம் கூப்பிட்டவை. மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு. அடுத்த கிழமை தட்டத்தோட இஞ்சை வருகினம்." தட்டம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கெடா சுல்தானும் வீட்டுக்குப் போய் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

மே 18, புதன், காலை 10.15. ஊர் திரும்பும் நாள். நேசன் கடையைத் திறக்க வேண்டியிருந்ததால், வழியனுப்ப ஆரணி அரை நாள் விடுப்பு எடுத்துக் கார் து நோருக்கு வந்திருந்தாள். ரயிலுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

"ஏம்மா, அன்னைக்கு நான் உளறினதை எப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "கம்போடிய ராசா ஒரு தேர் பரிசாக் குடுத்தவர். அப்பிடி ஒரு தேரைச் சோழர் கண்டதே இல்லையாம். அதைச் செம்பிலயே எழுதி வைச்சவையாம் எண்டு சொன்னனான்."

"அடிப்பாவி! அவர் அடுத்த ஞாயிறு வர்றதாச் சொன்னது?"

"அவர் கேட்டது, சார்செலில கார் விட இடம் கிடைக்குமோ எண்டு."

நான் வாயைப் பிளந்தேன். "சரி, முதல்ல சாப்பிடக் கூப்பிட்டாரே?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை, மாமா. அவர் கூப்பிடுறார் எண்டு அப்பாக்குச் சொன்னனான். அப்பா வர ஆசைப்படுறார் எண்டு அவருக்குச் சொன்னனான். விசாலுக்குத் தெரியும்." சிரிப்பு நின்றுவிட்டது. "எட்டு மாசம். ரெண்டு பேரும் நல்ல மனுசர். அப்பா இல்லாமல் நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? விசாலும் அப்பிடித்தான். எனக்கு வேறை வழி தெரியேல்லை."

சயாம் மன்னர் சமமாக நினைத்து எழுதிய கடிதங்கள், சீனத் துறைமுகத்தில் மொழிபெயர்க்கப்படும்போது அடிபணிந்த விண்ணப்பங்களாக மாறிவிடும் என்று படித்திருக்கிறேன். அது மோசடி என்று காரசாரமாக ஒரு கட்டுரை எழுதியவனும் நானேதான். அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்திருக்கும், துறைமுகத்தில் கப்பல் காத்திருந்திருக்கும், சண்டை வராமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். இதெல்லாம் பாரிஸ் ரயில் நிலையத்தில் ஒரு பெண் கண்கலங்கி நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் நாலு வீடு ஒரே தமிழில் பேசி எத்தனை கல்யாணத்தைக் கெடுத்திருக்கின்றன என்பதும் நினைவுக்கு வந்தது. அவள் தலையில் கைவைத்து, நன்றாக இரு என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

அந்த ஞாயிறு சொக் குடும்பம் சார்செலுக்குப் போனது, பழத்தட்டுகளோடேயே. செப்டம்பரில் பதிவுக் கல்யாணம். இப்போது ஒரு பெண் குழந்தை, மூன்று மொழியிலும் அடம்பிடிக்கிறதாம். இத்தனை ஆண்டு இதை எழுதாமல் வைத்திருந்தேன். எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு ஆரணிக்குத்தான் முதலில் அனுப்பினேன். பதில் அரை மணி நேரத்தில் வந்தது.

"நல்லாயிருக்கு, மாமா. போடுங்கோ. ஆனால் அப்பாக்கு நீங்கள் அனுப்பாதேங்கோ, நானே வாசிச்சுக் காட்டுறன். விசாலின்ர அப்பாக்கும் நானே பிரெஞ்சில சொல்லுறன்."