ஹில்டேயின் பையும் என் கண்ணும்

கங்காருப் புழுக்கை பொறுக்குவது என் தொழில் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பினவர்கள் கை கொடுப்பதில்லை.

கூட்டுகிற தும்புத்தடியும் வாளியுமாக இந்த நாட்டில் காலம் தள்ளுகிற சகோதரிகளே, உங்களுக்கு ஒஃபிஸ் கழிப்பறை என்றால் எனக்கு வலபிக் கொட்டில். வலபி கங்காருச் சாதியில் சின்னது, என் இடுப்புக்கும் வராது. ஜெர்மனியின் பான் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால் வருகிற சின்ன மிருகத் தோட்டத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் நான் பொறுக்குகிறது பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறது. என் சொந்தக்காரர் பலர் போகாத இடம்.

நத்தார் மரம்

எங்கள் வலபிகளில் ஹில்டே என்னைப் போல. இலை விழுந்தாலும் நெஞ்சு இடிக்கும். வலபித் தாய்க்கு அளவுக்கு மிஞ்சிப் பயம் பிடித்தால் பையின் வாய் தளர்ந்து குட்டி வெளியே விழுந்துவிடும். தாய் ஓடித் தப்பினால் பிறகு இன்னொன்று பெறலாம் என்பது அதனுடைய நியாயம். ஹில்டே அப்படி இரண்டு பிள்ளைகளை விட்டிருந்தாள். இரண்டாவதை வைக்கோலுக்குள் கண்டவள் நான்தான். மயிர் முளைக்காதது, என் நடுவிரல் நீளம். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. இந்த முறை மூன்றாவது தரம் பை மேடு தட்டியபோது எங்கள் மேலாளர் க்ரூகர் அம்மா, இதுவும் போனால் ஹில்டேயை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அன்று தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை.

அந்த நேரம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு மதுரா வந்தாள். பெற்றோர் மன்னார், இவள் பிறந்தது படித்தது எல்லாம் பானில். பயத்தில் ஊறுகிற ஹோர்மோன் புழுக்கையிலும் வருமாம், அதை அளந்தால் மிருகம் எவ்வளவு பயந்தது என்று தெரியுமாம். ஏழு வலபி போட்ட புழுக்கையில் ஹில்டேயுடையதை எப்படிப் பிரிக்கிறது? அவளுடைய கரட்டில் மட்டும் கிறிஸ்மஸ் மரத்துக்குத் தூவுகிற பச்சை மினுக்கத்தூள் தடவிக் கொடுக்கச் சொன்னாள். தின்றாலும் ஒன்றும் செய்யாத தூள். அடுத்த நாள் காலை வைக்கோலில் மின்னுகிறதையெல்லாம் இடுக்கியால் பொறுக்கிப் பையில் போட்டேன். வேலிக்கு அங்காலே நின்ற ஒரு சின்னப் பெண் கூவினாள்: "அம்மா, இந்தக் கங்காரு எங்கடை நத்தார் மரத்தைச் சாப்பிட்டுட்டுது!"

இரண்டு கிழமை மாப்பிள்ளை

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மதுரா எங்களுக்குப் பாடம் எடுப்பாள். பை வைத்த பிராணிகளிலே வலபி அதிசயமான சாதி. பையில் ஒரு பிள்ளை இருக்கும்போதே வயிற்றில் இன்னொன்று வளராமல் காத்திருக்குமாம், மூத்தது இடத்தைக் காலி செய்யும்வரைக்கும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதுதான் சந்திப்பு நேரம், எடுத்துவிட்டு நாங்கள் மாதக்கணக்காகக் காத்திருக்கிறது மாதிரி என்று நான் சொன்னேன். மதுரா அதைத் தன் கொப்பியில் எழுதினாள்.

அதைவிட அதிசயம், ஆஸ்திரேலியாவில் எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி. அதுவும் இந்தச் சாதிதான். ஆண்கள் எல்லாம் வருடத்தில் இரண்டொரு கிழமை, அதாவது பத்துப் பதினைந்து நாள், தின்னாமல், நித்திரை கொள்ளாமல், பெண்ணைத் தேடித் திரியுமாம். அந்த நேரம் ஹோர்மோன் ஏறு ஏறென்று ஏறி, இறங்கவே இறங்காதாம். மயிர் கொட்டும், குடல் புண்ணாகும், தடிமன் காய்ச்சலுக்கும் தாங்காது. கடைசியில் ஒரு ஆண்கூட மிஞ்சாது. பெண்கள் இருந்து பிள்ளைகளை வளர்க்கும். நான் "ஐயோ பாவம்" என்றேன். இரண்டு தரம் விவாகரத்து எடுத்த க்ரூகர் அம்மா தன் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார்: "என்ன பாவம்? வக்கீல் இல்லாமல் காரியம் முடியுது."

எள்ளுருண்டை

ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டத்தில் புழுக்கையை உறைய வைக்கிற குளிர்பெட்டி செத்துவிட்டது. புழுக்கை இளகினால் ஹோர்மோன் கெட்டுப்போகும் என்று மதுரா ஆயிரம் தரம் சொல்லியிருந்தாள். அவள் திங்கட்கிழமைதான் வருவாள். நான் பதினொரு பையையும் கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக் குளிர்பெட்டியில் மீன் பெட்டிக்குக் கீழே மறைத்து வைத்தேன். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மீனை எறியச் சொல்லுவார்.

அவருக்குச் சீனி வருத்தம். இனிப்பை நான் ஒளித்து வைப்பேன், அவர் தேடி எடுப்பார். எங்கள் தாம்பத்தியம் இப்போது அந்த அளவில்தான் ஓடுகிறது. ஞாயிறு பின்னேரம் குசினிக்குள் போனேன். ஒரு பையைப் பிரித்து, கறுப்பாக, உருண்டையாக, மினுங்குகிற ஒன்றைக் கோப்பையில் போட்டு இளக வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் கத்தின கத்தலில் கோப்பை விழுந்தது. அவர் முகம் சின்னப் பிள்ளையுடையது மாதிரிச் சுருங்கியது. "இஞ்சேரும், எள்ளுருண்டைக்கு மினுக்கமும் போட்டு ஆருக்கோ அனுப்ப வச்சிருக்கிறீர், கட்டின புருசனுக்கு ஒண்டு தரக்கூடாதோ?"

நைலெக்ஸ் சீலை

ஈஸ்டர் லீவு வந்தது. கொட்டிலின் ஒரு பக்கம் பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஊரே நிற்கும். எல்லாருக்கும் ஹில்டேயின் பை வேண்டும். "எவ்வளவு பெரிசு!", "உள்ளே இரண்டோ?" என்று சனம் ஓயாமல் வாய் வைத்தது. சகோதரிகளே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை இப்படி நாலு பேர் பார்த்தால் எங்கள் வீட்டில் செத்தல் மிளகாய் சுத்தி அடுப்பில் போட்டிருப்போம். தோட்டத்தில் நெருப்புக் கொளுத்த ஏலாது. ஆகவே என் பழைய மாம்பழ நிற நைலெக்ஸ் சீலையைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகக் கட்டினேன். இலை ஊதுகிற மெசினோடு வந்த தோட்டக்கார டீட்டரையும் தும்புத்தடியைக் காட்டித் துரத்தினேன்.

க்ரூகர் அம்மா கழற்றச் சொன்னார். மதுராதான், மூன்று கிழமை இருக்கட்டும், புழுக்கையில் வித்தியாசம் தெரிகிறதா பார்ப்போம் என்று கேட்டு வாங்கினாள். அன்று பேரப்பிள்ளைகளோடு வந்த ஒரு கிழவனார் சீலைக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னார்: "துணி நல்ல வடிவு, அம்மா. ஆனால் நான் காசு கட்டினது துள்ளுறதைப் பார்க்க."

கார்ஹிங்குக்கும் ஒன்று

என் மகளுக்கு மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் வேலை. கலியாணம் முடித்து மூன்று வருடம். ஒவ்வொரு பின்னேரமும் அவளுக்குப் போன் எடுப்பேன். சாப்பிட்டியா, மருமகன் வந்திட்டாரா, குளிர் எப்படி என்று சுற்றி வளைத்து, கடைசியில் "விசேஷம் ஒண்டும் இல்லையோ, பிள்ளை?" என்பதில் வந்து நிற்பேன். தாய் கேட்காமல் யார் கேட்கிறது?

அன்று சீலைக் கதையைச் சொன்னேன். நாலு பேர் பார்வையில் இருந்து மறைத்தால் வாயில்லாச் சீவன் பிள்ளையைக் காப்பாற்றிவிடும் என்று பெருமையாக விளக்கினேன். விளக்கிவிட்டு வழமைபோல விசேஷத்தையும் கேட்டேன். மகள் சொன்னாள்: "அம்மா, எனக்கும் ஒரு சீலை அனுப்புங்கோ. போனிலை கட்டுறன்."

ஒரு மேடு, ஒரு மலை

சீலை கட்டி இரண்டு கிழமையில், தண்ணீர் வாளி தூக்கி என் முதுகு பிடித்துவிட்டது. டொக்டர் ஒரு கிழமை வீட்டில் இருக்க எழுதித் தந்தார். படுத்திருந்தாலும் மனம் கொட்டிலில்தான். க்ரூகர் அம்மாதான் அந்தக் கிழமை புழுக்கை பொறுக்கினார். அவருக்குக் குனிய விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும்; அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

திரும்பி வந்த அன்று மதுரா கணினியைத் திறந்து, ஹில்டேயின் பயம் ஏறி இறங்கின கோட்டைக் காட்டினாள். கடைசிக் கிழமையில் கோடு நிலத்தில் கிடந்தது. "பாத்தியோ என்ரை சீலையின்ரை வேலையை!" என்றேன். அவள் நகத்தைக் கடித்தாள். "அன்ரி, கோவிக்காதேங்கோ. சீலை மூண்டு கிழமையும் இருந்தது. முதல் ரெண்டு கிழமையும் கோடு இறங்கேல்லை." விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தச் சின்ன மேடு இலை ஊதுற மெசின். இந்த மலை நீங்கள்."

நான் நம்பவில்லை. கொட்டிலுக்குள் கமெரா இருக்கிறதை மறந்து போனேன். ஓட விட்டுக் காட்டினாள். ஒரு காலை, நான் சீலையின் தொங்கலைத் தூக்குகிறேன், குனிந்து பார்க்கிறேன், போகிறேன். வருகிறேன், தூக்குகிறேன், பார்க்கிறேன். மத்தியானத்துக்குள் பதினேழு தரம். ஒவ்வொரு தரமும் ஹில்டே மூலைக்குள் ஒடுங்கி, பின்னங்காலால் நிலத்தை அடிக்கிறாள். பயம் வந்தால்தான் வலபி அப்படி அடிக்கும். ஏதோ என்னைக் கண்ட சந்தோசம் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். வைக்கோலுக்குள் கிடந்த அந்த விரல் நீளப் பிள்ளை கண்ணுக்குள் வந்தது. அதுவும் என்னாலேயோ என்று மதுராவைக் கேட்டேன். அந்த நேரம் நாங்கள் அளக்கேல்லை, தெரியாது என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் குந்தியிருந்து சத்தம் போட்டு அழுதேன். க்ரூகர் அம்மா வந்து என் தோளைப் பிடித்து எழுப்பினார். "அழுறதெண்டால் வெளியில போய் அழு. ஹில்டேக்குக் கேக்கும்."

திரும்பாத பத்து நாள்

புதுச் சட்டம் வந்தது. நாளுக்கு இரண்டு தரம்தான் கொட்டில். எப்போதும் ஒரே நேரம், ஒரே வழி. ஹில்டேக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்ட வேண்டும். பையைப் பார்க்கக் கூடாது. சகோதரிகளே, வாளி தூக்கலாம், மாடிப்படி முழுக்கக் கழுவலாம். ஒரு விசயத்தைப் பார்க்காமல் இருக்கிற வேலை மாதிரிக் கடினமான வேலை உலகத்தில் இல்லை. முதல் நாள் என் கழுத்து தானாகத் திரும்பியது. இரண்டாம் நாள் தலையைச் சுற்றித் தடித்த சால்வை கட்டினேன். ஐந்தாம் நாள், இனிப் புழுக்கையில் மட்டும் பார்ப்போம் என்று மனம் அடங்கியது. அடங்கினது அடங்கினதாக இருக்கட்டும் என்று கார்ஹிங்குக்கும் போன் எடுப்பதை நிறுத்தினேன்.

பத்தாம் நாள் காலை சுவரைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் ஹில்டே வைக்கோல் சப்புகிற சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு சப்பல், மெல்லிய, அவசரமான சப்பல். நான் கூட்டுவதை நிறுத்தினேன். கதவடியில் நின்ற க்ரூகர் அம்மா மூச்சுக் குரலில் சொன்னார்: "திரும்பினாயோ, வேலையால நிப்பாட்டுவன்." நான் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கண்ணீர் ஓட ஓடக் கூட்டினேன். வெளியே வந்த பிறகு தன் போனில் படத்தைக் காட்டினார். பைக்கு வெளியே ஒரு தலை, முழுக்க மயிர் மூடி, இரண்டு காதும் மடிந்து, வாயில் ஒரு வைக்கோல். தாய்க்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது, இனிமேல் விழுந்தாலும் தானே ஏறிக்கொள்ளும் என்றாள் மதுரா. ஹில்டேயை எங்கும் அனுப்பவில்லை.

அன்று பின்னேரம் மகள் தானாகவே எடுத்தாள். அப்பாவுக்கு ஏதுமோ, உங்களுக்கு வருத்தமோ, ஏன் பத்து நாளாய்ச் சத்தமில்லை என்று படபடத்தாள். ஒன்றுமில்லை என்றேன். குட்டியின் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தக் கேள்வியை மட்டும் விட்டு, குளிரைக் கேட்டேன், மருமகனைக் கேட்டேன். கடைசியில் அவளே பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்: "அம்மா, கேக்கிறதெண்டால் கேட்டுத் துலையுங்கோ. நீங்கள் கேக்காமல் இருக்கத்தான் எனக்கு நெஞ்சு இடிக்குது."

வாழ்க்கை முழுக்க எல்லாரையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த நான் பார்க்காமல் விட்டதால் பிழைத்தவர் இதுவரைக்கும் ஒரே ஒருவர்தான், அவருக்கும் வால் இருக்கிறது.