பாமியான் மூட்டையும் கார்ல்ஸ்ரூஹே ஜப்பான்காரரும்

1972 செப்டம்பரில், ஜெர்மனியில் நான் இருந்த பான் நகரிலிருந்து கார்ல்ஸ்ரூஹே போனேன். ஊர் சுற்ற அல்ல, ஒரு மூட்டையைக் கொடுக்க. அந்தக் கோடையில் ஊருக்குப் போய்விட்டு, டெல்லியிலிருந்து தரைவழியாக ஜெர்மனி திரும்பும்போது, ஆப்கானிஸ்தானின் பாமியானில் வயிறு கெட்டு ஆறு நாள் படுத்துவிட்டேன். (காபூலிலிருந்து பேருந்தில் பத்து மணி நேரம். முதுகு பத்திரம்!) என்னைப் பார்த்துக்கொண்டவர் தேநீர்க் கடைக்காரர் ஹுசைன். ஹசாரா இனத்தவர். அந்த மலைநாடு அவர்களுடையதுதான், ஆனால் காபூலில் மூட்டை தூக்கத்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

கிளம்பும்போது, கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கும் தம்பி ஹசனுக்கென்று கம்பளித் துணியில் வெள்ளை உருண்டைகளைக் கட்டிக் கொடுத்தார். அவை கூரையில் காய்ந்ததைப் பார்த்திருந்தேன். நம் வடகம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். தம்பியிடமிருந்து ஒரு வருடமாகக் கடிதம் இல்லையாம்.

"உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் எழுதுங்கள். அம்மா தூங்குவதே இல்லை" என்றார்.

பானில் காலை 8.10 ரயில். மூன்று மணி நேரம், டிக்கெட் முப்பத்திரண்டு மார்க். அங்கே படிக்கும் நண்பன் செல்வம் நிலையத்துக்கு வந்திருந்தான். ஹுசைன் எழுதிக் கொடுத்திருந்த விடுதி விலாசத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த ரூம்ல ஒரு ஜாப்பனீஸ்தான்டா இருக்கான். எங்க லேப்தான். உன் ஆளு எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிருப்பான்."

அரை மணி நடந்து விடுதிக்குப் போனோம். கதவைத் திறந்தவர் ஜப்பான்காரர் மாதிரிதான் இருந்தார். ஆனால் ஹுசைனும் அப்படித்தானே இருந்தார்? ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னேன், அம்மா தூங்காததையும் சேர்த்து.

"ஹசனா? அப்படி யாரும் இங்கே இல்லை." மூட்டையைப் பார்த்தபடியே சொன்னார்.

இவ்வளவு தூரம் சுமந்தது இதற்குத்தானா என்று எரிச்சல் வந்தது. "அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரித்தால் நன்றாக இருக்கும்" என்றேன்.

"பொரிப்பதா!" பதறிவிட்டார். "இது காய்ந்த தயிர். வெந்நீரில் ஊறவைத்து, கையால் தேய்த்துக் கரைக்க வேண்டும்…" பாதியில் நிறுத்திக்கொண்டார். மூட்டையை வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி கதவைச் சாத்தினார்.

"ஜப்பான்லயும் தயிர் உண்டாடா?" என்றான் செல்வம். தெரியாது என்றேன்.

ஏன் மறைத்தார் என்பது இன்றுவரை புரியவில்லை. ஊரில் பட்ட இளக்காரம் போதும் என்றிருந்தாரோ? ஆனால் அம்மாவுக்கு ஒரு வரி எழுத என்ன தடை?

பயணத்தில் யாராவது மூட்டை கொடுத்தால், உள்ளே இருப்பது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெறுபவரின் புகைப்படமும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. ஆனாலும் பான் திரும்பியதும் ஹுசைனுக்கு எழுதினேன்: "தம்பி உயிரோடு இருக்கிறார். தயிர் உருண்டையை எப்படிக் கரைப்பது என்பதை மறக்கவில்லை. அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள்."