‘பரையா’ வந்த வழி

சீட்டுகள் கிடந்த அந்த பிஸ்கட் டப்பாவில் நெய் வாசனை இன்னும் போயிருக்கவில்லை. திருப்போரூரில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அதை நீட்டி, ஆளுக்கொரு அபூர்வ ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று மறுநாள் வகுப்பில் பேசச் சொன்னார். எனக்கு வந்தது ‘பரையா’. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று பொருள் போட்டிருந்த அகராதி, தமிழ்நாட்டில் பறையடித்த சாதியின் பெயரிலிருந்து வந்த சொல் என்றும் சாவகாசமாகச் சொன்னது. அது எங்கள் சாதி.

கருங்குழியில் எங்கள் சாதிக்காரர்கள் மட்டும் குடியிருந்த ‘காலனி’யிலிருந்து நாங்கள் அந்த ஊருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்காரம்மா "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டபோது, "கிறிஸ்டியனுங்க" என்று சொல்லித்தான் அப்பா வீட்டைப் பிடித்திருந்தார். அந்தம்மாவின் மகள் என் வகுப்பிலேயே படித்தாள். விஷயம் தெரிந்தால் வீடு போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். "பொஸ்தகத்துல இன்னா கீதோ அத்த மட்டும் சொல்லிட்டு குந்து" என்றாள்.

அப்படித்தான் தொடங்கினேன். வெள்ளைக்காரர்கள் ஒரு சாதியின் பெயரைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் வசவாக்கிய கதை வரை எல்லாம் அகராதிதான். ஆனால் பறை என்பது ஒரு மேளம் என்று சொல்லிவிட்டு உட்கார மனம் வரவில்லை. வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காட்ட வேண்டும், விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, ‘கணீர்’ என்று வந்த பிறகுதான் அடிக்க வேண்டும், என் சித்தப்பா காய்ச்சினால் ஊர்க்கோடி வரை கேட்கும் என்று வாய் போன போக்கில் சொல்லிக்கொண்டே போனேன். டீச்சர் கைதட்டினார். வீட்டுக்காரம்மாவின் மகள் தட்டவில்லை.

அன்று சாயங்காலமே "எங்க அண்ணன் புள்ளைக்கு வூடு வேணுமாம்மா, வேற எடம் பாத்துக்குங்க" என்று அந்தம்மா வந்து நின்றார். அம்மா அழுதாள். அப்பா என்னைத் திட்டவில்லை, "நல்லா பேசுனியா?" என்று மட்டும் கேட்டார். நன்றாகத்தான் பேசினேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

அந்த வீட்டை இடித்து ‘பிளாட்’ போட்டு விற்றுவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் இன்னமும் ஏதாவதொரு நாட்டை ‘பரையா’ என்று எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. போன மாதம் செங்கல்பட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். காபி கொடுத்து, வேலையையும் சொந்த ஊரையும் விசாரித்து, மாடியைக் காட்டச் சாவியைக் கையில் எடுத்த பெரியவர், "கருங்குழில எந்தப் பக்கம்மா?" என்றார்.

"காலனி" என்றேன்.

சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு இருந்த அந்தப் பயம் வரவில்லை.