ஒரு மணிச் சங்கு நின்ற நாட்கள்

1. ஃபியூஸைப் பிடுங்கினோம்

எல்லையில் சண்டை தொடங்கிய வாரம். காலையில் அலுவலகத்தைத் திறந்து ஃபேன் போடுவதற்குள் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. எடுத்தது நான். உத்திரமேரூர் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சியில் அப்போது தலைமை எழுத்தராக இருந்தேன். ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கி.

"இனிமே சைரன் ஊதக் கூடாது. சைரன் கேட்டா ஆபத்துன்னு மட்டும்தான் ஜனங்களுக்குத் தோணணும்."

நியாயமான உத்தரவுதான். எங்கள் மொட்டை மாடியில் ஒரு சைரன் உண்டு. ஊரில் அதைச் சங்கு என்பார்கள். காலையில், மதியம் ஒரு மணிக்கு, இரவில் என்று ஊதும். எங்கள் ஈ.ஓ., அதாவது செயல் அலுவலர், சின்ன வயதுக்காரர். எதையும் உடனே செய்துவிட வேண்டும் அவருக்கு. ஃபியூஸையே பிடுங்கி என் மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

அன்று முழுக்க ஜனம் வந்துகொண்டே இருந்தது. தெருவிளக்கை அணைப்பீர்களா, தேருக்கு வெடி போடலாமா, தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் உண்டா என்று ஆளாளுக்குக் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். சங்கு ஏன் ஊதவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்குள் அது யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2. கன்னியம்மா வந்தார்

சில நாள் கழித்துச் சாயங்காலம், முழங்கால் வரை சேறு காய்ந்த காலோடு ஓர் அம்மா வந்து வாசலிலேயே நின்றார். பெயர் கன்னியம்மா. திருப்புலிவனம் போகிற ரோட்டோர வயலில், சொர்ணவாரி என்கிற கோடை நெல் பட்டத்துக்கு நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர்.

"இன்னா மேடம், சங்கு ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லம்மா. சண்டை முடியற வரைக்கும் ஊதக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப நாங்க எப்ப கர ஏறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். விடியற்காலையில் இறங்கினால் ஒரு மணிச் சங்குக்குக் கரை ஏறுவது அங்கே வழக்கம். சங்கு நின்ற நாளிலிருந்து, "இந்தக் காணி முடியட்டும், அந்த மூலை முடியட்டும்" என்று நிலத்துக்காரர் இழுத்துக்கொண்டே போகிறார். கத்திரி வெயில் வேறு.

ஈ.ஓ. உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மணி தெரியாதா உங்களுக்கு? ஆளுக்கொரு போன் இருக்குமே."

"மணி தெரியாம இன்னா சார்? நெழலப் பாத்தாலே தெரியும். நாங்க மணி ஆயிடுச்சின்னு சொன்னா அவரு ஒத்துப்பாரா? சங்கு சொன்னா ஒத்துப்பாரு."

கன்னியம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"எம்பையன் மிலிட்டரில கீறான் மேடம். பார்டர்ல. அவன் பேசுனா மத்தியானம் சோத்து நேரத்துலதான் பேசுவான். போனு கரமேல பைல கீது, சேத்துல எடுத்துகினு எறங்க முடியுமா? நேத்தும் அடிச்சிக்கீறான், முந்தா நாளும் அடிச்சிக்கீறான். நான் ஏறி வந்து பாக்கசொல்ல ஸ்விட்ச் ஆஃப். இன்னிக்கி அந்த போனும் இல்ல. உசுரோட கீறானான்னே தெரியல மேடம்."

டிராயரைத் திறந்து ஃபியூஸை எடுத்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அது தப்பு. சங்கு கேட்டு ஊரே அலறி ஓடினால் யார் பொறுப்பு?

"கூலி வேலை நேரம் நம்ம கையில இல்ல மேடம்" என்றார் ஈ.ஓ. அவர் சொன்னதும் நிஜம்தான்.

"சங்கு ஊதக் கூடாதுன்னுதானே சார் உத்தரவு? குப்பை வண்டி போகக் கூடாதுன்னு இல்லையே" என்றேன்.

3. ஆள் இல்லாத ரோட்டில் குப்பை வண்டி

தூய்மைப் பணியாளர் அமுதாவின் பேட்டரி வண்டியில் ஸ்பீக்கர் உண்டு. மறுநாள் அவரோடு நானும் ஏறிக்கொண்டேன். மதியம் ஒரு மணிக்கு, ஒரு வீடுகூட இல்லாத வயல் ரோட்டில், "மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தனித்தனியாகப் பிரித்து வழங்குங்கள்" என்று அது முழங்கிக்கொண்டு போனது. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

நிலத்துக்காரர் வரப்பில் வேகமாக வந்தார். "இங்க ஏதும்மா குப்ப? இதக் கேட்டு கர ஏறணுமா இவங்கோ?"

"மணி ஒண்ணு ஆச்சுங்க. அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றேன்.

"நாடே சண்டையில கீது. பார்டர்ல பசங்க சோறு தண்ணி இல்லாம நிக்கிறானுங்கோ. இவங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் நிக்க முடியாதா?"

கன்னியம்மா கையிலிருந்த நாற்றைச் சேற்றில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"நிக்கிறது எம்புள்ளதான்யா. அவனுக்கே டூட்டி முடிஞ்சா ஆள் மாத்தறாங்க."

அமுதா ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பெண்கள் கரை ஏறினார்கள். நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்து, பையைப் பிரித்து, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் சோற்றைப் பிரிக்கவில்லை. வெகுநேரம் காத்திருந்தோம். அன்று போன் வரவில்லை. "நாளைக்கும் வண்டி வரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அமுதா மட்டும் போனார். திரும்பி வந்தவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, வாசலிலிருந்தே கத்தினார்: "மேடம், பேசிட்டான்! சாப்ட்டியாமான்னு கேட்டானாம்!" ஈ.ஓ. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அழுதேன். அலுவலகத்தில் நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எதையாவது நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தால் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, யார் வந்து கேட்கிறார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சட்டென்று வந்து கேட்க முடியாதவர்கள்தான் அதை நம்பி இருந்திருப்பார்கள். நீங்கள்தான் போக வேண்டும்.