நீலச் சீட்டு ஒட்டிய தட்டு

ஆறு நாள் என் மகளின் உடம்பில் வடியாமல் நின்ற நீர், நோயினால் நின்றதா, நான் ஊட்டிய சோற்றினால் நின்றதா? ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவளுக்கு நான்கு வயது. ஒரு காலையில் கண் இமைகள் வீங்கியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பாவாடையின் இலாஸ்டிக் வயிற்றில் பதிந்து சிவப்புக் கோடாக நின்றபோதுதான் பயம் வந்தது. மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, குழந்தை டாக்டர் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சிறுநீரில் புரதம் கசிகிறது, மருந்துக்குக் கேட்கும் என்றார் டாக்டர். “வீக்கம் வடியிறவரைக்கும் உப்பைக் குறைக்கணும். தண்ணியையும் அளந்து குடுங்க.”

படுக்கை மறுநாள்தான் காலியாகும் என்றார்கள். அன்று வீட்டில் உப்பில்லாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு கரண்டி வாங்கி என் மடியிலேயே துப்பினாள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். போனில் அழுதால் அவரும் அழுவார் என்று அழவில்லை. சாயங்காலம் எங்கள் தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடிக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினேன். மகள் வீக்கம் வடிந்து வீடு திரும்பும்வரை என் நாக்கில் ஒரு கல் உப்புகூடப் படாது என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு நோவு என்றால் தாய்மார் மீனை விடுவார்கள், பூவை விடுவார்கள். அவளுக்கு மறுக்கப்பட்டதையே நானும் விடுவதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டின் மூடியில் சீட்டு ஒட்டி வரும். சர்க்கரை நோயாளிக்கு மஞ்சள், உப்புக் குறைவுக்கு நீலம். குழந்தைகள் வார்டில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. கையில் கொடுத்த அறிவுரைத் தாளை இரண்டு முறை வாசித்து மடித்து வைத்துக்கொள்கிற ஆள் நான். மகளின் எடையை எழுத ஒரு நோட்டு வாங்கினேன். குடித்த தண்ணீருக்கு ஒரு பக்கம், போன சிறுநீருக்கு ஒரு பக்கம்.

முதல் நாள் மதியம் நீலச் சீட்டுத் தட்டு வந்தது. குழைந்த சோறு, பூசணிக்காய் மிதக்கும் சாம்பார், ஆறிப்போன முட்டைக்கோஸ் துவரன். பார்க்க எதுவும் நன்றாக இல்லை. ஆனால் வீட்டுக் கஞ்சியைத் துப்பியவள் அதை வழித்துச் சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு அழும்போது, என்னுடையவள் விரலை நக்கினாள். “சமத்துப் பிள்ளை” என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டினார். அவள் சாப்பிடுகிற மாத்திரைக்குப் பசி அதிகம் எடுக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். உப்பில்லாமலும் பிள்ளைக்குப் பிடிக்கிற மாதிரிச் சமைக்க ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று வெட்கப்பட்டேன்.

அவள் ஓயாமல் தண்ணீர் கேட்டாள். அளவு முடிந்துவிட்டது என்று நான் ஓயாமல் மறுத்தேன். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தால் துணியை உறிஞ்சுவாள். அதையும் பிடுங்கினேன்.

மைனி, அதாவது என் கணவரின் அக்கா, இரண்டாம் நாளே தூக்குவாளியில் கஞ்சியும் உப்பு போடாத சிறுபயறும் கொண்டுவந்தார். தேங்காய் துருவிப் போட்டிருந்தார், பிள்ளைக்குக் கொஞ்சமாவது ருசிக்கட்டும் என்று. வாட்ச்மேனைச் சமாளித்து மேலே வந்தவரை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

“இங்க சீட்டுப்படி குடுக்காங்க மைனி. வெளிய உள்ளது ஆகாது.”

“நான் வெளியாளாட்டி?” என்றார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு நாளில் எடை இறங்கவில்லை. முந்நூறு கிராம் ஏறியிருந்தது. கண் ஒரு கீற்றாகிவிட்டது. நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். மறுநாளிலிருந்து வேறொரு ஊசி போட வேண்டும், அதை மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். “சாப்பாடு சரியா போகுதா? உப்பு?” என்று கேட்டார். “இங்க தர்றது மட்டும்தான் டாக்டர்” என்று சொன்னேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

அன்று மதியம் கோபம் தணிந்து மைனி மறுபடி வந்தார். மகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தாள். தட்டில் மிஞ்சிய இரண்டு வாய்ச் சோற்றை வீணாக்க மனமில்லாமல் மைனி பிசைந்து வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

“ஏட்டி, இது ஆருக்க சோறு?”

“பிள்ளைக்குள்ளதுதான்.”

“எனக்க மீன்கறியில இவ்வளவு உப்பு கிடையாது. நீ ஒரு வாய் தின்னு பாக்கலியா?”

“நேர்ச்சை மைனி. உப்புக் குறைவுன்னாலும் கொஞ்சம் இருக்குமே. என் நாக்குல படக்கூடாதுல்லா.”

மைனி தட்டை என் பக்கம் நீட்டினார். “நல்ல நேர்ச்சை போ! நீ உப்புப் படாம மோட்சத்துக்குப் போ. பிள்ளை உப்பைத் தின்னு இங்க கிடக்கட்டும்.”

தட்டை வாங்கி விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏழு நாளைக்குப் பிறகு உப்பு. ருசியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும். அந்த ஒரு கணம் எனக்கு வாயில் நீர் ஊறியது. பிறகுதான், ஆறு நாளும் நான் ஊட்டியது இதைத்தான் என்று உறைத்தது.

சாப்பாட்டு வண்டி தள்ளி வரும் அக்கா தட்டை எடுக்க வந்தபோது கேட்டேன். முதலில் தெரியாது என்றார். மைனி விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாம் ஒரே குட்டுவத்துல வைக்கிற சாம்பாராக்கும், மக்கா. முன்னே உப்பில்லாதது தனியா வைக்க ஒரு பொம்பள உண்டு. அவ வேலையை விட்டு நின்னுட்டா. பிறகு ஆளு போடல்ல. மேல சீட்டு எழுதுகவங்க எழுதுகாங்க. கீழ நாங்க ஒட்டுதோம்.”

“ஒட்டுதோம்னு கூசாம சொல்லுதியே! சின்னப் பிள்ளையாக்கும் அது” என்றார் மைனி.

“பின்ன நான் என்ன செய்ய? சொல்லிப் பாத்தாச்சு. உள்ள வேலையும் போவும். எனக்க பேரை மட்டும் சொல்லிராதே, மக்கா.”

நர்ஸிடம் சொன்னேன், யாரிடம் கேட்டேன் என்று சொல்லாமல். “கிச்சன்ல சொல்லிடுறோம்மா” என்று சாதாரணமாகச் சொன்னார், மின்விசிறி ஓடவில்லை என்று சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல. அடுத்த வேளையும் நீலச் சீட்டோடு அதே சாம்பார் வந்தது. அதற்குள் என் பையில் மைனியின் தூக்குவாளி இருந்தது. துணியால் மறைத்துக்கொண்டு ஊட்டினேன். மகள் அழுதாள், துப்பினாள். வாயைப் பிடித்து ஊட்டினேன். வாங்கிய தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் எடை இறங்க ஆரம்பித்தது. ஆனால் சாப்பாட்டை மாற்றிய மறுநாள்தான் புதிய ஊசியும் தொடங்கியது. வீடு திரும்பும் நாளில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: “சில பிள்ளைகளுக்கு மெதுவாத்தான் வடியும்மா. சாப்பாட்டாலதான்னு சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது.” மகளின் இரண்டு கையிலும் ஊசி குத்திய ஊதாத் தடங்களுக்கு அதுதான் பதில்.

புகார்ப் பெட்டிக்காக இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும், யார் சொன்னது என்றுதானே முதலில் தேடுவார்கள் என்று தோன்றியது. அந்த அக்காவின் வேலை போய்விடும் என்று பயந்து கிழித்தேன் என்று அப்போது நினைத்தேன். மறுபடியும் அதே டாக்டரிடம்தான் போக வேண்டும் என்ற பயமும் இருந்தது. எது பெரியது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அறிவுரைத் தாளை இரண்டு முறை வாசித்தவள், தட்டை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. யாரைப் பற்றிப் புகார் எழுதுவது?

இந்த நோய் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பேன். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, புரதம் கசிந்தால் பச்சையாகும். நேற்றும் முந்தாநாளும் இன்றும் பச்சை. இமை தடிக்கத் தொடங்கிவிட்டது. நாளை அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பக்கத்தில் இந்த நோய் பார்க்கிற வேறு குழந்தை டாக்டர் இல்லை. மைனிக்குக் காலில் அடிபட்டிருக்கிறது, இந்த முறை தூக்குவாளி வராது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினால் என்னை உள்ளேயே விடமாட்டார்கள், அவர்களே ஊட்டுவார்கள்.

பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அங்கே சமையலில் வேலை செய்தவர்களும் இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக ஒரு பிடி வேகவைக்கச் சொல்லி நான் யாரிடம் கேட்க வேண்டும்? நர்ஸிடமா, டாக்டரிடமா, நேராகச் சமையலறைக்கே இறங்கிப் போவதா? அந்த அக்காவின் வேலைக்குக் கேடு வராமல் அதை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நேர்ச்சை இந்த முறை எடுக்கவில்லை. நாளை மதியத் தட்டு வந்ததும் முதல் வாய் நான்தான் சாப்பிடப் போகிறேன். உப்பு இருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.